ஐந்து பேரும் சும்மா நின்ற நேரம்

பிள்ளைகளா, கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வந்தாலே நான் எரிந்து விழுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். காரணத்தை எழுதிவிடுகிறேன்.

சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கிற பெல்ட்டை ஓட்டும் டிரம்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் கான்ட்ராக்ட் ஆள். ஒரு டிரம்மைத் தூக்க ஐந்து பேர். ஒருவர் சங்கிலி இழுப்பார். மூன்று பேர் டிரம் ஆடாமல் பிடிப்போம். எங்களில் மூத்தவர் அடியில் மரக்கட்டை கொடுப்பார். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போய், கூலிக்கு வந்தவர் அவர். சங்கிலி ஏறும்வரை அவர் நிற்பார். அவர் கட்டை கொடுக்கும்வரை சங்கிலிக்காரர் நிற்பார். வேலையே அப்படித்தான்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு இளம் இன்ஜினீயர் கையில் கடிகாரத்தோடு வந்தார். ‘லீன்’ என்றார். வீணாகும் நேரத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவதாம். வேலை செய்த நேரத்துக்குப் பச்சை, நின்ற நேரத்துக்குச் சிவப்பு என்று சுவரில் கட்டம் போட்டார்.

"சார், ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதும் செவப்புதாங்களா?" என்றார் மூத்தவர்.

"அதுவும் செவப்புதாண்ணே."

"அப்ப எனக்குத்தான் ஜாஸ்தி. சுகர் இருக்குதுங்க."

எல்லாரும் சிரித்தோம். இன்ஜினீயரும் சிரித்தார்.

பிறகு எங்கள் சிவப்பையெல்லாம் கூட்டினார். ஒரு முழு ஆளின் ஷிப்ட் வந்தது. "அப்ப ஒருத்தன் சும்மாதான் சம்பளம் வாங்குறான்" என்றார் சூப்பர்வைசர்.

"எந்த ஆளு சார்?" என்று கேட்டேன். மறுவாரம் மூத்தவருடைய கேட் பாஸ் மட்டும் புதுப்பித்து வரவில்லை; அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து உங்களில் பெரியவளிடம் கணக்கைச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, "கூட்டல் சரிதாம்பா" என்றாள். சரிதான். ஐந்து சட்டை தைத்தால் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு சட்டைக்கான துணி இருக்கும். அதில் சட்டை தைக்க முடியுமா? இந்தக் கேள்வி அன்றைக்கு என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் பட்டறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கட்டை கொடுக்க ஆள் இல்லை. பிடித்திருப்பவர் கையை எடுத்தால் டிரம் ஆடும். அதனால் பக்கத்துப் பட்டறையில் யாரையாவது கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை நான்கு பேரும் நிற்போம். இந்த நிற்பதை அளக்க யாரும் வரவில்லை. அளந்து முடித்துவிட்டார்களே.

போன மாதம் மார்க்கெட் முனையில் மூத்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாராம்.

"என் எடத்துல யாருப்பா?"

"யாரும் இல்லீங்கண்ணே."

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

"ஒரு ஆளப் போட்டிருந்தாலாவது, அவன் வூட்டுப் புள்ளைங்க சாப்புடுதுன்னு நெனச்சிக்குவேன்."

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.