புதுக் கம்பிக்கு நல்ல நாள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் சண்டிலிப்பாயில் கிற்றார் வைத்திருந்தவன் எனக்குத் தெரிய நான் ஒருவன்தான். வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. கம்பி அறுந்தால் அறுந்ததுதான். யாழ்ப்பாணத்துக் கடையில் போய்க் கேட்டால், கடைக்காரர் நான் ஏதோ கப்பலை விலைக்குக் கேட்டதுபோலப் பார்ப்பார். நான் சைக்கிள் பிறேக் கம்பியில் ஒரு இழையை உரித்து மாட்டி ஆறு மாதம் சமாளித்தேன். அது போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு நாய்கூட எழும்பிப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் சாவகச்சேரி இசைக்குழு ஒன்று கிற்றார் வாசிக்க ஆள் தேடியது. கலியாண வீடு, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போகும் குழு. ஆவணி முதல் ஞாயிறு பின்னேரம் வந்து வாசித்துக் காட்டச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. படித்து முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் திரிந்தவன் நான். துள்ளிக் குதித்தேன். ஐயா கடிதத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அவை உன்னை எடுத்தால் போ. எடுக்காட்டில் உந்தச் சாமானை வித்துப்போட்டு என்னோடை தோட்டத்திலை இறங்கு. பேந்து உந்தக் கதை இந்த வீட்டிலை இல்லை" என்றார்.

ஐயா ஒன்று சொன்னால் அதிலிருந்து இறங்கமாட்டார்.

என் கூட்டாளியின் அண்ணை ஒருவர் கப்பலில் வேலை செய்தார். சிங்கப்பூரிலிருந்து ஒரு செற் கம்பி கொண்டுவந்து தந்தார். அப்போது ஆடி பிறந்து நாலைந்து நாள்தான். அதை ஒருவருக்கும் காட்டாமல் மாட்டியிருக்க வேண்டும். நான் விசரன், சந்தோசத்தில் நேரே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா அந்தப் பெட்டியை வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமியறையில் வைத்துவிட்டார்.

"ஆடிக்கை புதுசா ஒண்டும் தொடங்கிறேல்லை. ஆவணி பிறக்கட்டும்."

"அம்மா, உதென்ன கலியாணமே நாள் பாக்க? கம்பியம்மா, கம்பி!"

"கம்பியெண்டாலும் உன்ரை சீவியம் உதிலைதானே கிடக்கு, மோனை."

புதுக் கம்பி இழுபடும். மாட்டி நாலைந்து நாள் விடாமல் வாசித்து, இறங்க இறங்க முறுக்கினால்தான் சுருதியில் நிற்கும். இதை அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "நல்ல நேரத்திலை போட்டால் நிக்கும்" என்று ஒரே பதில்.

ஆவணி பிறந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் கூடாதாம். புதன் அட்டமி, வியாழன் நவமி. வெள்ளியும் சனியும் என் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம். பெரியம்மா வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம்; அதன்படி வியாழன் பின்னேரமே நவமி முடிந்து, நேரம் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பரம்பரையாக வாக்கிய பஞ்சாங்கம். அதில் நவமி இரவாகியும் முடியவில்லை. "அவை அவையின்ரை பஞ்சாங்கத்தைப் பாக்கட்டும்" என்றார் அம்மா. எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு பஞ்சாங்கத்தையும் கிணற்றில் போட்டிருப்பேன்.

களவாக எடுத்து மாட்டியிருக்கலாமே என்று பிறகு பலபேர் கேட்டார்கள். பொய் சொல்லக் கூடாது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு நேரம் வந்தது. அம்மா கிற்றாருக்குச் சந்தனம் வைத்தார். நான் பழைய கம்பிகளைக் கழற்றி, துருவைத் துடைத்து, ஆறு புதுக் கம்பிகளையும் மாட்டி முறுக்கினேன். மீட்டியதும் வீடே கலகலத்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஆறும் இறங்கின. மறுபடி முறுக்கினேன். மறுபடி இறங்கின. பன்னிரண்டு மணி வெயிலில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, சாவகச்சேரியில் இறங்கும்வரை முறுக்கிக்கொண்டே போனேன்.

குழுவை நடத்தியவர் அக்கோடியன் வாசிக்கும் ஒரு பெரியவர். தங்கமான மனுசன், நான் சுருதி சேர்க்கும்வரை பொறுமையாக இருந்தார். முதல் பாட்டின் சரணத்துக்கு வரும்போதே இரண்டு கம்பி இறங்கிவிட்டது. நிறுத்திச் சேர்த்தேன். இரண்டாம் பாட்டில் நான் ஒரு பக்கம், அக்கோடியன் ஒரு பக்கம். வேர்த்துக் கொட்டியது.

"தம்பி, எப்ப கம்பி போட்டனீர்?"

"இண்டைக்குக் காலமை."

"போன கிழமை போட்டிருக்கலாமே?"

"நாள் சரியில்லை எண்டு..."

அவர் சிரிக்கவில்லை. தானும் வாக்கியம்தான் என்றார். ஆனால் அடுத்த வெள்ளி கலியாண வீடு இருக்கிறது, இனிப் பொறுக்க நேரமில்லை என்று சொல்லி, என்னைப்போல வாசித்துக் காட்ட வந்து எனக்குப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் மாட்டியிருந்தவை பழைய, கறுத்த கம்பிகள். அசையாமல் நின்றன.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் என்னென்ன கத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். வாசல் படலையடியில் அம்மா நின்றார்.

"என்ன மோனை, எடுத்தவையே?"

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. "என்னைவிடத் திறமான ஆள் ஒருத்தர் வந்தவர், அம்மா" என்றேன்.

அடுத்த நாலு நாளும் வாசித்து முறுக்கியபடியே இருந்தேன். வியாழக்கிழமை, கொக்குவிலில் இருந்து ஒரு வாத்தியார் கிற்றாரை வாங்க வந்தார். முற்றத்துக் கதிரையில் இருந்து நல்லாக வாசித்துப் பார்த்தார். மூன்று பாட்டு. ஒரு கம்பியாவது இறங்க வேண்டுமே! நான் கம்பி முறுக்கும் திருகாணிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எதையும் தொட வேண்டி வரவில்லை.

தோட்டத்தால் வந்த ஐயா மண்வெட்டியோடு நின்று கேட்டார். என் கிற்றாரை அவர் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

"உது வடிவாய்த்தானே கேக்குது" என்றார். "பிறகேன் உன்னை எடுக்கேல்லை?"

குசினி வாசலில் அம்மா நின்றார். நான் வாத்தியாரின் சைக்கிளில் கிற்றாரைக் கட்டக் கயிறு எடுக்கப் போனேன்.