கப்பலில் போட்ட மொட்டை

மண்ணடியில் நசீர் பாய் நடத்தும் டிராவல்ஸில் நான் பல வருடமாக டிக்கெட் போடுகிறேன். முன்பெல்லாம் உம்ரா, கொழும்பு, சிங்கப்பூர் என்று ஓடும். இப்போது சொகுசுக் கப்பலும் சேர்ந்துகொண்டது. நம் துறைமுகத்திலேயே ஏறி, கடலைச் சுற்றிவிட்டு, இங்கேயே இறங்கலாம். அண்ணா நகரிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள்: பால்கனி அறை எடுக்கலாமா, ஜன்னல் இல்லாத உள்ளறை போதுமா, குலுங்குமா, வாந்தி வருமா, சைவத்துக்குத் தனிச் சட்டி உண்டா. கொருக்குப்பேட்டையில் பிறந்து கொருக்குப்பேட்டையிலேயே வாக்கப்பட்ட எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்படியே வரதனின் மேஜைக்குத் தள்ளிவிடுவேன்.

வரதன் கப்பலில் வேலை பார்த்தவன். தளத்தின் படம் இல்லாமலே எந்த அறைக்குப் பக்கத்தில் லிஃப்ட், எந்த அறைக்கு மேலே பாட்டுச் சத்தம் என்று சொல்வான். "கீழ்த் தளத்துல, நடுவுல எடுங்க சார், ஆட்டம் தெரியாது" என்பான். பால்கனி என்றால் மட்டும் முகம் மாறிவிடும். "வேணாம் சார், தூங்கத்தானே போறீங்க" என்று உள்ளறையையே தலையில் கட்டுவான். பால்கனியில்தான் கமிஷன் அதிகம். பாய்க்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் ஒன்றும் சொல்லமாட்டார். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு குப்பத்தில் பிறந்தவன் அவன். குப்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். நாளைக்கு நான் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போக வேண்டாமா? அப்பா கன்னியப்பன் குப்பத்து நாட்டார்களில், அதாவது பஞ்சாயத்துப் பெரியவர்களில், ஒருவர். பஞ்சாயத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பி வெற்றி படகில் பிறந்தவன் மாதிரி. மூத்தவன் வரதனுக்கோ ஃபைபர் படகில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். மீனவன் வீட்டில் இதைவிட மானக்கேடு உண்டா? கேட்டரிங் படித்து, ஏஜெண்டைப் பிடித்து, பெரிய கப்பலில் அறைப் பணியாளாகச் சேர்ந்தான். அந்தக் கப்பல் அவனுக்கு ஆடவே இல்லையாம். படுக்கை தட்டிப் போடுவது, கழிப்பறை கழுவுவது, துண்டை யானை மாதிரி, குரங்கு மாதிரி மடித்துக் கட்டிலில் உட்கார வைப்பது. கன்னியப்பன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எம்புள்ள வெள்ளக்காரனுக்கு மெத்த தட்டிப் போட்றான்" என்பார். மாசம் பிறந்தால் வரும் பணத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

அதே குப்பத்து மலர்க்கொடியைக் கட்டிக்கொண்டான். அவள் வயிற்றில் பிள்ளையோடு நிற்கும்போது கப்பலுக்குத் திரும்பிப் போனான். பெண் குழந்தை. ஷாலு என்று பெயர் வைத்ததைக்கூடப் போனில்தான் கேட்டான்.

பிறகு கொரோனா வந்தது. பயணிகளையெல்லாம் எங்கோ ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானம் ஏற்றினார்கள். வேலைக்காரர்களை ஏற்ற எந்த விமானமும் இல்லை, இறக்கிக்கொள்ள எந்த ஊரும் இல்லை. காலியான கப்பலில் ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். நோய் பரவக்கூடாது என்று பயணிகளின் பால்கனி அறைகளையே கொடுத்தார்கள். எத்தனையோ பேருக்குத் தட்டிப் போட்ட மெத்தையில் இவன் படுத்தான். கேட்கச் சொகுசாக இருக்கிறது அல்லவா? சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடுவார்கள். நெற்றியில் ஒருவன் கருவியை நீட்டிச் சூடு பார்ப்பான். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, பாட்டு இல்லை, ஒலிபெருக்கியில் தினமும் கேப்டன் மட்டும் பொறுமையாக இருங்கள் என்பார். கப்பல் துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கதவைத் தட்டியது. எங்காவது திறந்தால் அந்த நாட்டுக்காரர்களை மட்டும் இறக்கிவிட்டு நகர்ந்தது. வேலை இல்லாத கை சும்மா இருக்காது என்று இவன் தன் அறைத் துண்டுகளையே மடித்து மடித்து வைத்தானாம். யாருக்கு?

அப்படி வரும்போதுதான் கேப்டன் அறிவித்தார்: சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டுத் தண்ணீரும் சாமானும் ஏற்றப் போகிறோம், ஆனால் ஒருவரும் இறங்க அனுமதி இல்லை. சொந்த ஊர் வாசலுக்கு வந்தும் உள்ளே நுழைய முடியாத கொடுமை. ஆனாலும் வரதனுக்குத் தலைகால் புரியவில்லை. கப்பலின் வைஃபையில் வெற்றியைக் கூப்பிட்டான்.

"நைனாவுக்குத்தான் காய்ச்சலு, இருமிகினே கீது" என்றான் வெற்றி. "நீ கவலப்படாத. காலீல போட்ட எட்த்துகினு வரேன். அண்ணியயும் கொயந்தயயும் ஏத்திகினு வரேன். கிட்டக்க வரமாட்டேன், தொலவா நின்னு காட்றேன். நீ மேலேந்து பாத்துக்கோ."

"பெரிய வெள்ளத் துண்டு கட்டி வெக்கறேன்டா. அத்தப் பாத்து வா" என்றான் இவன்.

விடிந்ததும் பால்கனிக் கம்பியில் துண்டைக் கட்டிவிட்டு நின்றான். எதிரே எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிந்தன. ஊரடங்கில் பெரிய விசைப்படகுகளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். சிறு படகுகளை விட்டிருந்தார்கள். தெற்கே காசிமேட்டுப் பக்கம் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. வடக்கேயும் தெரிந்தன. நடுவில் அவர்கள் குப்பத்துக்கு நேரே மட்டும் கடல் துடைத்துவிட்டது போல இருந்தது. வெற்றியின் படகு மட்டுமல்ல, ஒரு படகும் இறங்கவில்லை. வெயில் ஏறியது, அப்போதும் இல்லை.

கடற்கரைக்காரனுக்கு இதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எதிரி வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி, அன்றைக்குப் படகு மணலில்தான். வேறெவனாவது அந்த வெறுங்கடலைப் பார்த்திருந்தால் போலீஸ் கெடுபிடி, இயந்திரக் கோளாறு என்று ஏதாவது நினைத்திருப்பான். இவன் அந்த மண்ணில் பிறந்தவன்.

வெற்றியைக் கூப்பிட்டான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மலர்க்கொடியின் போனும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரன், பள்ளிக்கூட தோஸ்து என்று எண் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டான். மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? காய்ச்சல், இருமல், வெறுங்கடல், அணைத்த போன். இதற்குமேல் என்ன வேண்டும்?

முகம் மழிக்கிற ரேசரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். முன்பக்கத்தைத் தானே எடுத்தான், மீசையையும் எடுத்தான். பின்பக்கம் கை எட்டவில்லை. அடுத்த அறைக் கோவாக்காரன் விதியை மீறி உள்ளே வந்து மழித்துவிட்டான். மண்குடத்துக்கு எங்கே போவது? பயணிகளுக்குப் பனிக்கட்டி வைக்கிற எவர்சில்வர் வாளி இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, தலையணையைக் கிடத்தியிருந்த கட்டிலை மூன்று சுற்றுச் சுற்றினான். பால்கனிக்கு வந்து கரைக்கு முதுகைக் காட்டாமல் எப்படி நிற்பது என்று குழம்பி, கடைசியில் கரைக்கும் கடலுக்கும் சேர்த்தே முதுகைத் திருப்பி, பின்பக்கமாக வாளியைக் கீழே விட்டான். மத்தியானம் வந்த சோற்றைச் சாப்பிடாமல் உருட்டிக் கடலில் போட்டான். அப்பா ஒரு நாளும் தன்னை மெச்சியதில்லை என்பதை நினைத்து அழுதானாம், ஒரு தடவை தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியதை நினைத்து அழுதானாம். சாயங்காலம் கப்பல் நகர்ந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

பிறகு நடுக்கடலில் வைஃபை கிடைக்கவில்லை. மறுபடி இணைப்பு வந்தபோது மலர்க்கொடியின் எண்ணைப் போட்டான். எடுத்தது கன்னியப்பன்.

"இன்னாடா, எங்க கீற?" என்றார்.

வரதன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா பிழைத்திருக்கிறார் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்ததாம். ஒரே ஒரு நிமிஷம். அதன்பிறகு மலர்க்கொடி போனை வாங்கி, அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

சாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெற்றி கப்பலுக்குப் போகப்போவது முதல்நாள் சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சாயத்து கூடியது. அது கொரோனாக் கப்பல், கிட்டே போனால் காற்றிலேயே தொற்றும், போனது தெரிந்தால் வியாபாரிகள் இந்தக் குப்பத்து மீனையே தொடமாட்டார்கள் என்று பேச்சு. கப்பல் அங்கே நிற்கிறவரை யாரும் கடலுக்கு இறங்கக்கூடாது, மீறினால் அபராதம், படகைப் பிடுங்கிவிடுவோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். முதலில் எழுந்து அதைச் சொன்னவர் கன்னியப்பன்தான். "எம்புள்ளயா கீறதால நானே சொல்றேன். ஒரு போட்டும் எறங்கக் கூடாது" என்று துண்டை உதறிப் போட்டாராம். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வெற்றி தன் போனையும் அண்ணி போனையும் அணைத்துவிட்டான். குப்பமே வெட்கத்தில் போனை எடுக்கவில்லை. மலர்க்கொடி மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைதடுப்புக் கல்மேல் போய் நின்றிருக்கிறாள். கப்பலிலிருந்து பார்த்தால் அவ்வளவு தூரத்தில் மனுஷி தெரிவாளா? தெரியவில்லை.

நியாயம் பேச எனக்கும் வரும். ஊரடங்கில் பட்டினி கிடந்த குப்பம், மீனும் விற்காமல் போனால் என்ன செய்யும்? கன்னியப்பன் ஊரைக் காப்பாற்றினார். சரி. ஊரைக் காப்பாற்றியவர் ஒரு போன் போட்டு, "வர முடியாதுடா, மன்னிச்சிக்க" என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் ஒரு வழியாக இறக்கி, தொற்று பார்க்க அடைத்து வைத்து, கடைசியில் வரதன் வீடு வந்து சேர்ந்தான். தலையில் முள் முள்ளாக முடி. கன்னியப்பன் பார்த்தார், விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், சிரித்தார். வாசலில் நின்று போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

"உயிரோட கீற அப்பனுக்கு மொட்ட போட்டுகினு வந்துகீறான் பாரு! செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னுவாங்க. இனிமே எமன் நம்ம வூட்டு பக்கம் வரமாட்டான்!"

ஊரே சிரித்தது. வெற்றிகூடச் சிரித்தான். வரதனும் சிரித்திருக்கலாம். அப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த மனுஷன் தணிந்து சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். சொல்லவில்லை. மலர்க்கொடியையும் ஷாலுவையும் கூட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டையில், எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வந்துவிட்டான். கப்பல் கம்பெனி மறுபடி கூப்பிட்டபோதும் போகவில்லை. நான்தான் நசீர் பாயிடம் அழைத்துப் போனேன்.

கன்னியப்பனுக்கு ஆயுசு கெட்டியாகத்தான் இருந்தது, கொஞ்ச காலம். போன வருஷம் தை முடியும்போது, கடைக்கு வெற்றியின் போன் வந்தது. ஒரு குடும்பத்துக்கு அறை காட்டிக்கொண்டிருந்த வரதன் பேசி முடித்து, அவர்களுக்கு டிக்கெட்டையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தான். பாயும் நானும் கூடவே போனோம்.

குப்பத்தில் படகெல்லாம் மணலில் கிடந்தது. பந்தலின் கீழே பெஞ்சு போட்டிருந்தார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, எல்லாம் தயார். நாற்காலியைப் போட்டு முடிதிருத்துகிறவர் காத்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் வரதனின் கையைப் பிடித்து அழைத்தார்.

"ஒக்காரு வரதா. நேரமாவுது."

"வெற்றிக்குப் போடுங்க மாமா."

"மூத்தவன் நீ கீறப்போ அவன் எப்டிடா?"

"நான் போட்டுட்டேன். கப்பல்லயே போட்டேன். கொடம் தூக்கினேன், சோறு எறச்சேன், அல்லாம் பண்ணிட்டேன்."

"இன்னாடா பேசற? அப்போ உயிரோட இருந்தாரு. அத்தெல்லாம் கணக்குல சேராது."

"அன்னிக்கு அயுதேனே மாமா, அது நெசம். மொத்தமும் அயுதுட்டேன். இன்னிக்கு வர்ல."

ஒப்பாரி நின்றுவிட்டது. மலர்க்கொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெற்றி, "அண்ணா, வோணாம்ணா" என்று காலைத் தொட்டான். தலைவருக்கு முகம் சிவந்தது.

"அப்பன் கட்டைக்குக் கொள்ளி வெக்க மாட்டேன்னா, நீ யாருடா இங்க?"

"கப்பல்ல நின்னவன்" என்றான் வரதன்.

தலைவர் பிடித்திருந்த கையை விட்டார். வெற்றியை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். வரதன் வந்து, வெளியாட்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில், நசீர் பாய்க்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.