மஞ்சள் நெஞ்சு உள்ளான்கள்

சண்டை முடிந்த அடுத்த மாரியில் நான் தற்காலிகக் களப்பணியாளன். வாகரைப் பக்கத்துக் களப்புகளில், அந்தக் கடலோர உப்புநீர் ஏரிகளில், கரைப்பறவைகளை எண்ணுவது வேலை. பைனாகுலரைக் காட்டி, "குருவி எண்ணப் போறன்" என்று இராணுவச் சென்றியில் காவல் நிற்பவர்களை நம்ப வைப்பதற்குள்ளேயே பாதிக் காலை போய்விடும்.

அப்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் சிலவற்றின் நெஞ்சில் மஞ்சள் சாயம் பூசி, காலில் வளையம் மாட்டி விட்டிருக்கிறார்கள், கண்டால் அறிவிக்கவும். எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்டையாவது கண்டுபிடி. உன்ட நிரந்தர நியமனத்துக்கு நானே கடிதம் எழுதுறன்."

வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். தற்காலிக வேலை என்றதும் பெண் வீட்டார் எல்லோரும் தேத்தண்ணியோடு எழும்பிப் போனார்கள். எனவே கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடினேன்.

முதல் வாரம் ஒன்றைக் கண்டேன், வளையத்தோடு. இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் ஆறு. இந்தப் பத்துக்கும் வளையம் தெரியவில்லை. கால் சேற்றுக்குள் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அதிகாரி கத்தினார். "அவங்க பூசினதே ஆறாம். நீ பதினொண்டு காட்டுறாய்! சாயத்தோட குஞ்சு பொரிக்குதோ?"

மறுநாள் அவரே என்னோடு வந்தார். கரையில் மீன்காரி பூமணி அக்கா, வலையில் சிக்கிய ஓர் உள்ளானை மடியில் வைத்து, கிண்ணத்திலிருந்து எதையோ குழைத்து அதன் நெஞ்சில் பூசிக்கொண்டிருந்தார். அதிகாரி அந்தக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். அசல் கறிமஞ்சள். என் நியமனம் களப்பில் மூழ்குவதைக் கண்ணால் கண்டேன்.

"என்னக்கா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலையா மனே? அம்மனுக்கு நேர்ந்து விடுறன்."

முந்திய மாதம் அவர் வலையில் ஒரு மஞ்சள் நெஞ்சு உள்ளான் மாட்டியிருக்கிறது. மஞ்சள் பூசிய உயிர் அம்மனுக்கு நேர்ந்தது, அதைச் சட்டியில் போடக்கூடாது. கும்பிட்டு விட்டுவிட்டார். மறுநாளே, சண்டையில் தகவலில்லாமல் போன அவருடைய தம்பி அகதி முகாமில் உயிரோடிருப்பதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து ஊரில் உள்ளான் கறி இல்லை. வலையில் சிக்கியதெல்லாம், காணாமல் போன ஒவ்வொருவர் பேரிலும், மஞ்சளோடு பறந்தது.

முதல் குருவிக்குப் பூசியது வெள்ளைக்கார ஆய்வாளர் என்று அதிகாரி விளக்கினார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம். அவருக்கு ஆரு காணாமப் போனது?"

வாய் ஓயாத எங்கள் அதிகாரி, மஞ்சள் கிண்ணத்தை அக்காவின் பக்கத்தில் திரும்ப வைத்தார்.

திரும்பும் வழியில் ஜீப்பிலேயே படிவத்தைத் திருத்தச் சொன்னார். "நிறத்தை எழுதினாய், 'குறியிட்டவர்' எண்ட கட்டத்தை ஏன் வெறுமையா விட்டாய்?" உண்மையில் அதை நான் கவனித்ததே இல்லை. ஒன்றுக்கு எதிரே ஆய்வாளர் என்று எழுதினேன். பத்துக்கு எதிரே ஊரவர் என்று எழுதினேன். அடுத்த கட்டம் 'நோக்கம்'. கொஞ்சம் யோசித்து, சுனாமியிலும் சண்டையிலும் காணாமல் போனவர்கள் திரும்பி வர, என்று எழுதினேன்.

நிரந்தர நியமனம் அந்த வருடமே கிடைத்தது. புதிதாகக் களத்துக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நிறத்தைக் கண்டால், எழுதுமுன் பூசியவரைப் போய்க் கேளுங்கள். அன்று ஜீப்பில் 'நோக்கம்' கட்டத்தில் நான் எழுதிய வரியை அதிகாரி வாசித்துவிட்டு, வெட்டாமல் கையெழுத்துப் போட்டார்.