கண்ணாடி ஊதியவரை விட்டு ஓடிய நாள்

சுனாமி முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மழை ஓய்ந்து, போர்ட் பிளேரில் வெயில் மறுபடி தலைகாட்டத் தொடங்கிய மாதம். அப்போது நான் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். கடல் புகுந்துவிட்டுப் போன இடங்களில் கிணறுகள் உப்பேறிக் கிடந்தன. சௌல்தாரி பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்கலாமா கூடாதா என்று எப்போது தெரியும் எனக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் மூன்றே பேர். அதிகாரியாக இருந்த மேடம் மலையாளி. ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் பெங்காலி. பெங்காலியில் அண்ணனைத் 'தாதா' என்பார்கள். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மூன்றாவது ஆள் நான். எங்களுக்குள் பேச்செல்லாம் இந்தியில்தான்.

தண்ணீரைச் சோதிக்க, முதலில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் நம் கையில் இருக்க வேண்டும். அதை வடிக்கும் கண்ணாடிக் கருவி பூகம்பத்தன்று மேசையிலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரியிலும் பேட்டரிக் கடையிலும் கேட்டு வாங்கித்தான் ஓட்டினோம். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வரவழைத்த கருவி கப்பலிலேயே உடைந்து வந்தது. அடுத்து வந்ததும் அப்படியே. கண்ணாடி உடையாமல் வராதென்றால், அதைச் செய்கிறவரையே வரவழைத்துவிடலாம் என்று மேடம் முடிவு செய்தார்.

அப்படித்தான் சென்னையிலிருந்து அவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். வைக்கோல் திணித்த ஒரு மரப்பெட்டி நிறைய வெறும் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்திருந்தார். வளைவும் சுருளும் இல்லாத, நேரான குழாய்கள் என்பதால் அவை உடையாமல் வந்துவிட்டன. அவர்தான் உடைந்து போயிருந்தார். கப்பலில் மூன்று நாளும் வாந்தி. தரையில் இறங்கிய பிறகும் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தார். உட்கார்ந்தாலும் படுத்தாலும் கப்பல் இன்னும் ஆடுவது போலவே இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

பின்பக்க அறையில் அவருக்கு இடம் ஒதுக்கினோம். காற்றடித்தால் தீ அலையும் என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி மேசையைப் போட்டுக்கொண்டார். சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று, வெல்டிங் பட்டறையில் வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அது எனக்கு. அந்த நாட்களில் எங்களுக்கு அடிக்கடி நிலம் நடுங்கும். நடுங்கினால் முதலில் கேஸை மூட வேண்டும், பிறகு உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்ப வேண்டும், கடைசியாகத்தான் உதவியாளர் வெளியேற வேண்டும். இது எங்கள் ஆய்வகத்தின் விதி. இந்தியிலும் தமிழிலும் அதை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியவள் நானேதான்.

அவர் வேலை செய்வதை அதற்கு முன் நான் கற்பனைகூடச் செய்ததில்லை. நீலத் தீயில் கண்ணாடிக் குழாயை நீட்டுவார். இரண்டு கைகளாலும் உருட்டிக்கொண்டே இருப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தீ மஞ்சளாகப் பூக்கும். குழாயின் நடுப்பகுதி சிவந்து, பாகு போலத் தளர்ந்து, இதோ சொட்டப்போகிறது என்று தோன்றும். ஆனால் சொட்டாது. உருட்டுகிற வேகத்திலேயே அதைக் கீழே விழாமல் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருப்பார். குழாயின் ஒரு முனையில் மெல்லிய ரப்பர் டியூப். அதன் மறுமுனை அவர் பல்லிடுக்கில். தூங்கும் குழந்தையின் முகத்தில் ஊதுவது போல ஒரு சின்ன மூச்சு விடுவார். கண்ணாடி மெதுவாகக் கன்னம் உப்பும்.

வாயில் டியூப் இருப்பதால் பேச மாட்டார். தீயின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவும் கேட்காது. நாலைந்து மணி நேரம் அந்த அறையில் நானும் அவரும் அந்த ஆரஞ்சு நிற வெளிச்சமும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பகலா மாலையா என்பதே மறந்துவிடும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு எனக்குக் கண்ணாடிச் சத்தம் ஆகாது. நிலம் நடுங்கும்போது அலமாரியில் பாட்டிலோடு பாட்டில் உரசி 'கிணுகிணு' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் முதலில் வரும். வீட்டில் கண்ணாடி டம்ளர் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு எவர்சில்வருக்கு மாறியிருந்தேன். ஆய்வகத்தில் வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஆனால் அவர் கையில் உருகிய கண்ணாடிக்குச் சத்தமே இல்லை. அது வளைந்தது, நீண்டது, சுருண்டது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எல்லாமே அத்தனை அமைதியாக நடந்தது. அந்த வாரம் பல வருடங்களுக்குப் பிறகு இரவில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். லேசாக ஊதா நிறம் கலந்த மூக்குக் கண்ணாடி. போட்டுக்கொண்டு தீயைப் பார்க்கச் சொன்னார். அந்த மஞ்சள் பிரகாசம் முழுவதும் காணாமல் போயிருந்தது. அதற்குள் மறைந்திருந்த கண்ணாடி மட்டும் தெரிந்தது. ஈரமாக, மென்மையாக, உள்ளுக்குள்ளிருந்து ஒளிவிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது. தீக்கு நடுவில் இப்படி ஒன்று அமைதியாக இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. அவர்தான் கைநீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். கருவியிலேயே கஷ்டமான பாகத்தை அவர் செய்துகொண்டிருந்தார். நீராவி உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராக இறங்க வேண்டிய சுருள் குழாய். அந்தச் சுருளை ஒரு பெரிய குழாய்க்குள் நுழைத்து, இரண்டின் வாயையும் ஒட்ட வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். இம்மி பிசகினால் உள்ளே சுருள் முறுக்கிக்கொள்ளும். முந்தின நாள் முழுக்க உழைத்தது அதில் இருந்தது. மறுநாள் விட்டு மறுநாள் அவருக்குக் கப்பல்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல அதிலேயே கரைந்து போயிருந்தேன். எங்கோ தூரத்தில் கிணுகிணு என்று கேட்டது. அந்தக் கண்ணாடிதான் பாடுகிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் ஸ்டூல் எனக்கடியில் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எழுந்ததும் ஓடியதும் எனக்கு நினைவில்லை. முற்றத்தில் வெயிலில் நிற்கிறேன். செருப்பு ஒரு காலில்தான் இருக்கிறது. மேடம் வெளியே இருக்கிறார். தாதா வெளியே இருக்கிறார். தாதா என்னைப் பார்த்து இந்தியில், "மிஸ்திரி கஹான் ஹை?" என்றார். கண்ணாடி மேஸ்திரி எங்கே என்று கேட்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு சிலிண்டரும் திறந்திருக்கின்றன. தீ எரிகிறது. தீயின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்காது; கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு எட்டு எட்டி அவர் தோளைத் தொட்டிருந்தால் போதும். நான் தொடவில்லை. திரும்பி உள்ளே போக வேண்டும் என்று புத்தி சொன்னது. கால் நகரவில்லை. நிலம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தாதா கதவை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பார்.

அதற்குள் அவரே வந்துவிட்டார். ஓடி வரவில்லை, சாதாரணமாக நடந்து வந்தார். ஊதாக் கண்ணாடி முகத்தில், ரப்பர் டியூப் வாயில். இரண்டு கைகளிலும் அந்தக் கண்ணாடிக் குழல். அவர் அதை இன்னும் உருட்டிக்கொண்டே வந்தார். தீயை விட்டு எடுத்ததுமே அது இறுகியிருக்கும். உருட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் கைகள் நிற்கவில்லை. கனவில் நடப்பவர் போல வெயிலுக்குள் வந்து நின்று, எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடல் பக்கமிருந்து காற்று வீசியது. அவர் கையிலிருந்து மெல்லிய 'டிங்' என்றொரு சத்தம். ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு முடி அளவு விரிசல் ஓடியது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உள்ளே நாலைந்து பாட்டில்கள் உடைந்திருந்தன. சிலிண்டர்களை அவரே மூடிவிட்டுத்தான் வந்திருந்தார். நடுங்கியபோது, கப்பல் மயக்கம்தான் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தாராம். தலை சுற்றுகிறது, கை மட்டும் நிற்கக்கூடாது என்று உருட்டிக்கொண்டே இருந்தாராம். அலமாரி ஆடி ஒரு பாட்டில் அவர் மேசையில் வந்து விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஸ்டூல் காலியாக இருந்ததாம்.

நான் அவரிடம் போய், கூப்பிடாமல் ஓடி வந்துவிட்டேன் என்று சொன்னேன். பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் விரிசலைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல், "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த விரிசல் விட்ட குழலை மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னை அன்று முழுக்க விடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறந்தது நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். என் அப்பா அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். சுனாமியன்று லீவுக்குக் கச்சால் போயிருந்தேன். பூகம்பம் நின்றுவிட்டதென்று நாங்கள் வீட்டுக்குள் சாமான்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவை இடித்து, கடல் வருகிறது என்று கத்தி, என் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அன்று அவர் வராவிட்டால் நானும் அம்மாவும் இல்லை. ஒருவர் கூப்பிட்டதால் உயிரோடு இருப்பவள் நான். அப்படிப்பட்ட நானே இன்னொருவரைக் கூப்பிடாமல் ஓடிவிட்டேன்.

மாலையில் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். அப்போதெல்லாம் கச்சாலுக்கு லைன் கிடைப்பதே பெரிய பாடு. ஏழெட்டு முறை முயன்று கிடைத்தது. நடந்ததை எல்லாம் சொல்லி, உங்களுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டதே அக்கா என்று அழுதேன். அவர் சொன்னார்:

"நான் மட்டும் என்னவாம் புள்ள? மொதல்ல நானும் ஓடித்தான் போனேன். பாதி மேடு ஏறுன பொறகுதான் ஒங்க வூட்டுக் கதவு சாத்திக் கெடந்தது ஞாவகம் வந்துச்சு. அப்பறந்தான் எறங்கி வந்தேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

நான்கு வருடமாக நான் தெய்வம் போல நினைத்து வைத்திருந்த ஒருவர் அப்படிச் சொன்னார். நான் ஏதோ கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் வருவதற்கு முன்பாகவே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். முந்தின நாள் உடைந்ததை எல்லாம் கூட்டி அள்ளினேன். அவர் வந்ததும், வாசல் எங்கே, முற்றத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நடந்து காட்டினேன். வந்த முதல் நாளே காட்டியிருக்க வேண்டியது. பிறகு ஸ்டூலை இழுத்து அவர் தோள் எட்டும் தூரத்தில் போட்டேன்.

"ஆடுனா ஒங்க தோளத் தட்டுவேன் அண்ணே. தட்டாம எந்திரிக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். மேசையைத் திருப்பிப் போடுவார், கதவைப் பார்த்து உட்காருவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றையும் மாற்றவில்லை. அதே இடத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டியூபை வாயில் கவ்விக்கொண்டு தீயைப் பற்றவைத்தார்.

அன்று அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. புதிதாக ஒரு குழாயைச் சுருள் சுருளாக வளைத்தார். வெந்நீர் ஊற்றியது போல ஆவி பறக்கும் என்று நினைப்பீர்கள், ஒன்றும் பறக்காது. தீ மட்டும் பூத்துப் பூத்து அடங்கும். ஒரு கையால் நான் சிலிண்டர் திருகியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். கண்கள் மட்டும் பழையபடி அந்தச் சிவந்த கண்ணாடிக்குள் போய்விட்டன. சாயங்காலம் சுருள் பெரிய குழாய்க்குள் இறங்கியது. இரண்டு வாய்களும் சிவந்து, நெருங்கி, ஒன்றையொன்று தொட்டன. சேர்ந்த இடமே தெரியவில்லை. அதைச் சுடச்சுட வெளியே எடுக்காமல், தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, மங்கிய புகைத் தீயில் வெகுநேரம் காட்டிக் குளிரவைத்தார். புகைக்கரி படிந்து அது கறுத்துக் கிடந்தது. மறுநாள் நான்தான் அதைத் துணியால் துடைத்தேன். உள்ளே சுருள் பளிச்சென்று நின்றது.

அவர் கப்பலேறுவதற்கு முன் கருவியை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சுருளின் அடியில் முதல் சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது. மேடம் கைதட்டினார். தாதா அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். ஒரு ருசியும் இல்லையே என்று அவர் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். ஹேடோ துறைமுகத்தில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன், பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எத்தனையோ முறை இங்கே நிலம் நடுங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் என் கால் முதலில் வாசலைத்தான் பார்க்கிறது. அதை என்னால் மாற்ற முடியவில்லை, அதற்காக இப்போது வெட்கப்படுவதும் இல்லை. ஆனால் முந்தின நாள் தன்னை விட்டு ஓடியவளை நம்பி மறுநாளே ஒருவர் நெருப்புக்கு முன் அமைதியாக உட்கார்ந்தாரே, அந்த நம்பிக்கைதான் இன்றுவரை ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பி நிற்க வைத்து, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைக்கிறது.