பத்திர ஆபீசுக்கு விண்டோஸா, லினக்ஸா?

நான் வேலை பார்க்கும் பத்திர எழுத்தர் ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்கள். பென் டிரைவில் ஃபைல்களை மாற்றி மாற்றிக் கொண்டுபோனதில், போன வாரம் திருக்காட்டுப்பள்ளி நிலம் ஒன்றுக்குத் திருத்தாத பத்திரத்தையே அச்சடித்துவிட்டோம்.

எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் இருக்க நாலாவதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார் முதலாளி.

"காலேஜ் படிச்ச பொண்ணு நீதான். விண்டோஸா லினக்ஸான்னு நீயே சொல்லு. தப்பாச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

லினக்ஸ் இலவசம். ஆனால் எங்கள் பத்திரங்கள் எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸில் அவை கிறுக்கலாகத் தெரிந்தால்? வீட்டில் என் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதும் இதே யோசனை.

இன்று கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார்.

"ஏம்மா, பத்திரத்த வைக்கிற பீரோவுக்குத் தமிழ் படிக்கத் தெரியணுமா? தொறந்து படிக்கப்போறது உங்க மூணு கம்ப்யூட்டர்தானே?"

லினக்ஸே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

டைப் செய்யும் மலர் அக்காவிடம் சொன்னேன்.

"நல்லதுடி. எதுக்கும் இருக்கட்டும், எல்லாத்தையும் உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுறேன்."

ராத்திரி ஆகிவிட்டது; இதுவரை நாற்பத்தேழு பத்திரம் வந்துவிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாப்பா புரண்டு படுக்கிறாள். 'வேண்டாம் அக்கா' என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களில் யாராவது உங்கள் ஆபீசில் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?