அரைமார்க்கு அக்கா

அக்கா சுண்டெலியை வாலடியில் பிடித்துத் தூக்கி, கண்ணுக்கு நேரே நிறுத்தி, வாய்க்குள் மூன்றுவரை எண்ணுகிறார். வால் விறைப்பாக நின்றால் நோயில்லை, மார்க்கு சைபர். நுனி மட்டும் தொங்கினால் அரை, முழுசும் தொங்கினால் ஒன்று. பிறகு கூண்டின் கம்பி மூடிமேல் நடக்க விடுகிறார். பின்னங்கால் கம்பிக்குள் நழுவினால் இரண்டு, செத்தாற்போல இழுபட்டால் மூன்று. பத்தொன்பது வருடமாகக் காலை எட்டரைக்கு இதே வேலை.

அந்த அரையால்தான் ஆய்வுக்கூடம் முழுக்க அவர் அரைமார்க்கு அக்கா. கையுறையும் எலித்தீவனமும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்க்காரனான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கோபப்பட மாட்டார். "இருக்கறதைத்தானேப்பா எழுத முடியும்?" என்பார்.

அங்கே நடக்கும் ஆராய்ச்சி என் மரமண்டையில் ஏறியதே அவரால்தான். "மூளையில காவலுக்குன்னே சில செல்லுங்க இருக்கு. குப்பைய அள்ளும், கிருமிய முழுங்கும். நம்ம உடம்பே நம்ம நரம்பு மேல பாயுற வியாதி வந்தா, இதுங்களும் வெறி புடிச்சு நரம்போட உறையக் கடிக்க ஆரம்பிச்சிடும். அதுங்க மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. 'போதும், அடங்கு'ங்கற சேதிய அதுதான் வாங்கி உள்ள குடுக்குமாம். அது இல்லாத எலிக்கு எவ்ளோ சீக்கிரம் கால் போகுதுன்னு பாக்குறோம்."

எந்தக் கூண்டில் ஏற்பி உள்ள எலி, எதில் இல்லாதது என்று அவருக்குச் சொல்லக் கூடாது. அவரும் கேட்க மாட்டார். "தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்."

ஆராய்ச்சி செய்யும் பெண்ணொருத்தி, "அக்கா, இந்த அரைய ஒண்ணுன்னு போடுங்களேன்" என்று ஒருநாள் குழைந்தாள். அக்கா பேனாவை அவளிடமே நீட்டினார். "நீயே போட்டுக்க தாயி. கீழ கையெழுத்தும் நீயே போட்டுடு." அவள் வந்த வழியே நழுவிவிட்டாள்.

இத்தனை கறாரான கண்ணுக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியாமல் போயிற்றே!

அவரோடு இருப்பது தங்கை மட்டும்தான், பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய இடதுகால் செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று மாடிப்படியில் கிடக்குமாம். எட்டு மாதம் அதைப் பொறுக்கி வாசலில் போட்டது அக்காதான், திட்டிக்கொண்டே. "காலைத் தூக்கி வெச்சு நடக்கக்கூடவா சோம்பேறித்தனம், எருமை?" தங்கையும் சிரித்து மழுப்பியிருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அதே படியில் உருண்டாள். அப்புறம்தான் டாக்டர், ஸ்கேன் எல்லாம். அக்கா எலிகளிடம் பார்க்கும் அதே வகை வியாதி. முன்னாலேயே வந்திருந்தால் இந்த அளவுக்குப் போகாமல் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டாக்டர். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்றும் கேட்டாராம்.

மறுநாள் அக்கா ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். "எலியா இருந்தா முதல் நாளே எழுதியிருப்பேன்பா. கூடப் பொறந்தவ காலைக் குனிஞ்சு பாக்கல. எட்டு மாசம் வெறும் செருப்பைத்தான் பாத்துருக்கேன்." கையுறைப் பெட்டியை எடுத்து நீட்டினேன். அதுவும் தப்பான அளவு.

அதிலிருந்து அவர் யாருக்கும் முன்னால் நடப்பதில்லை. ஓர் அடி பின்தங்கி, முன்னால் போகிறவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு வருகிறார். என் வலது செருப்பு ஓரம் தேய்வதைக் கண்டுபிடித்து, டாக்டரிடம் போகும்வரை விடவில்லை. வெறும் மட்டமான செருப்புதான் காரணம் என்று தெரிந்தபோது, என்னைவிட அவருக்குத்தான் உயிர் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை கைத்தடியை ஊன்றி, அறையிலிருந்து நாற்காலிவரை வந்தாள். இடதுகால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்த சத்தம் எனக்கே கேட்டது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, டீச்சர் மிடுக்கு குறையாமல் கேட்டாள்:

"சொல்லுக்கா, இன்னைக்கு எத்தனை?"

"சைபர்."

"அரைகூடவா இல்ல?"

"இல்லடி."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து, செருப்பு கழலாமலிருக்கத் தானே தைத்திருந்த வாரைத் தங்கையின் இடது குதிகாலைச் சுற்றி இழுத்து மாட்டினார். மாட்டி முடித்த பிறகும் அந்தக் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.