பாப்பம்மா வீட்டுக்கு நர்ஸ் வந்த இரண்டு நாள்

வெங்கடசாமிக்குக் கரும்பு போடத் தெரியும், மாடு பிடிக்கத் தெரியும், மூன்று பாஷையில் திட்டத் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பழகித் தேர்ந்த வித்தை வேறு. சர்க்கார் வண்டி வாசலில் வந்து நின்றால், அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, எதைக் கேட்டாலும் சரி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய், "எல்லாம் நல்லா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிடுவார். கூரை பற்றி எரிந்துகொண்டிருந்தால்கூட அதைத்தான் சொல்லியிருப்பார்.

சும்மா வந்த புத்தியில்லை அது. எண்பத்தேழில், இந்தத் தீவு நாட்டில் பட்டாளம் முதல்முதலாக ஆட்சியைக் கவிழ்த்த வருஷம், லோவு ஊர்ப் பக்கத்துக் குடியானவர்கள் கரும்பு வெட்டமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். துப்பாக்கியோடு பட்டாளத்து லாரி ஒன்று வந்தது. ஏன் வெட்டவில்லை என்று கேட்டார்கள். தம்பி சிவன் மனசில் இருந்ததை அப்படியே சொன்னான். "நாங்க ஓட்டுப் போட்ட சர்க்காரை நீங்க எடுத்துட்டீங்க, அப்புறம் எதுக்கு வெட்டணும்?" அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தவனுக்குச் சோற்றுத் தட்டைப் பிடிக்கக் கை வரவில்லை. அடுத்த வருஷமே பெண்டாட்டி பிள்ளைகளோடு கனடா போய்விட்டான். நாளைக்கே வெட்டிவிடுகிறோம் சார் என்று கும்பிட்ட வெங்கடசாமியை யாரும் ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

இரண்டாயிரத்தில் மறுபடி கவிழ்த்தார்கள். இரண்டாயிரத்து ஆறில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்தில் நாலு வீடு பூட்டிக்கொண்டது. ஒற்றை மகள் ரஞ்சீதாவும் கல்யாணம் ஆன கையோடு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் போனாள். வெங்கடசாமியும் மனைவி பாப்பம்மாவும் மட்டும் அதே வீட்டில், அதே பதிலோடு இருந்தார்கள்.

அப்புறம்தான் அந்த நாசமாய்ப்போன கொரோனா வந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஜூலை மாதம். நாட்டை முழுக்க அடைக்கமுடியாது, ஊசி போட்டுக்கொள்ளுங்கள், மாஸ்க் போடுங்கள் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் தினம் ஒரு எண்ணிக்கை வாசித்தார்கள், தினமும் அது ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை வியாதிக்காரி பாப்பம்மா ஒரு திங்கட்கிழமை இருமத் தொடங்கினாள். மிளகுக் கஷாயம் கொடுத்தார், பனடோல் மாத்திரை கொடுத்தார். நாலாம் நாள் பார்த்தால், கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"வேணாங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போனவங்களெ மூடின பொட்டியிலதான் காட்டறாங்களாம். என்னெ அனுப்பிடாதீங்க."

அந்த வியாழக்கிழமை வாசலில் சர்க்கார் வண்டி வந்து நின்றது. இறங்கியவள் அஷ்னா, சபேட்டோ ஊர்ப் பெண், இருபத்தைந்து வயது நர்ஸ். கூடவே ஒரு போலீஸ்காரர். தொற்றுப் பயத்தால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு, கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்கவேண்டும். அவளுக்குத் தமிழ் அரைகுறை, பேசியதெல்லாம் இந்திதான்.

"ஆஜா," என்று தாத்தா முறை வைத்துக் கூப்பிட்டாள். "வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் இருக்கிறதா?"

வெங்கடசாமியின் கண் அவள்மேல் போகவில்லை. போலீஸ்காரரின் இடுப்பைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது. கை தன்னாலே தொப்பியைக் கழற்றிவிட்டது.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கோம்."

"ஆஜி எங்கே?" என்று பாட்டியைக் கேட்டாள்.

"தூங்கறா."

அட பாவி மனுஷா! உதவி வாசல்வரை வந்து நிற்கிறது, பெண்டாட்டி உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர் நல்லா இருக்கோம் என்கிறார். அஷ்னா காது கொடுத்துக் கேட்டாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பரைக் கேட்டில் சொருகிவிட்டுப் போனாள். மறுநாள் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வியாதி உறுதியானதால் திரும்பவும் வந்தாள். அதே கேள்வி, அதே பதில்.

சனிக்கிழமை காலையில் பாப்பம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. வெங்கடசாமி கேட்டுக்கு ஓடி, அஷ்னா சொருகிவிட்டுப் போன சீட்டை எடுத்து வந்தார். அந்த நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒன்பது தடவை போட்டார். செருப்புக்கூட இல்லாமல் மெயின் ரோட்டுச் செக்பாயிண்டுக்கு ஓடி, எந்தச் சீருடைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பொய் சொன்னாரோ அந்தச் சீருடையின் காலில் விழுந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவளைத் தூக்கித் தங்கள் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். பாதி வழியில், அவர் மடியில் தலை வைத்தபடியே பாப்பம்மா போய்விட்டாள். சுடுகாட்டுக்கு நாலு பேருக்குமேல் கூடாது என்றார்கள். நாலு பேருக்கே ஆள் தேடவேண்டியிருந்தது. சர்க்கரை வியாதியால் செத்ததாக எழுதி, கொரோனா எண்ணிக்கையில் அவளைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரஞ்சீதா போனில் கதறினாள். விமானம் இல்லை, எல்லை மூடியிருக்கிறது, தாயின் முகத்தைக்கூடப் பார்க்க வழியில்லை.

"நைனா, வீட்டுக்கு யாராச்சும் வந்து பாத்தாங்களா? ஒருத்தராச்சும்?"

என்ன சொல்வார்? வந்தார்கள், நான்தான் அனுப்பிவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

"யாரும் வரல கண்ணு," என்றார்.

அந்த ஒரு வார்த்தை காட்டுத் தீயாகப் பரவியது. என் அம்மா வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு ஈ, காக்காய்கூட வரவில்லை என்று ரஞ்சீதா பேஸ்புக்கில் எழுதினாள், போட்டோவோடு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று நம் ஜனங்கள் போன இடத்திலெல்லாம் அதைப் படித்து வயிறெரிந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குத் தலை தப்பவேண்டுமே! காகிதத்தில் இரண்டு நாள் வந்ததாக எழுதியிருந்தது. வராமலே எழுதிவிட்டாள் என்று, கூடப் போன போலீஸ்காரரை ஒரு வார்த்தை கேட்காமல், பழியை அஷ்னா தலையில் போட்டு வேலையிலிருந்து தூக்கினார்கள். கூடப் படித்த நர்ஸுகளெல்லாம் பிளேன் ஏறினார்கள். கறுப்புப் புள்ளி விழுந்த இவளை எந்த நாடு எடுக்கும்? சபேட்டோ பஸ் ஸ்டாப்பில் ரொட்டிப் பொட்டலம் விற்றாள்.

ஒன்றரை வருஷம் போனது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. தொற்றுக் காலத்தில் போன அரசாங்கம் எப்படி நடந்துகொண்டது, எங்கே தவறியது என்று ஜனங்களிடமே கேட்டு எழுத ஒரு குழு ஊர் ஊராக வந்தது. ரஞ்சீதா அதற்காகவே பிரிஸ்பேனிலிருந்து வந்து இறங்கினாள். சாட்சி முடிந்த கையோடு அப்பாவையும் அழைத்துப்போக விசாவும் எடுத்து வந்திருந்தாள்.

"இங்க யார் இருக்காங்க நைனா உங்களுக்கு? என்கூட வந்துருங்க," என்று பெட்டியைக்கூட அவளே கட்டினாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அஷ்னா வந்து நின்றாள், அதே கேட்டுக்கு வெளியே. ரஞ்சீதா கடைக்குப் போயிருந்தாள்.

"ஆஜா, நான் வந்தேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்."

வெங்கடசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாக்கலாம்மா," என்றார். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மகள் தன்னை விட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்தப் பெண் காலமெல்லாம் பஸ் ஸ்டாப்பில்தான். இரண்டையும் நினைத்து நினைத்து அவருக்கு மண்டையே வெடித்துவிடும்போல் இருந்தது.

பள்ளிக்கூட ஹாலில் விசாரணை நடந்தது. ரஞ்சீதா முதலில் எழுந்து பொரிந்து தள்ளினாள். ஊரை அடைத்திருக்கவேண்டும், போனை எடுக்க ஆள் போட்டிருக்கவேண்டும், செத்தவர்களை எண்ணிக்கையில் மறைத்திருக்கக்கூடாது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஹாலே ஆமாம் ஆமாம் என்றது. கடைசியில் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள்.

குழுவின் தலைவி அம்மாள் மரியாதையாகக் கேட்டார். "பெரியவரே, உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, அப்படித்தானே?"

வெங்கடசாமியின் கை தொப்பியைக் கழற்றியது. பின்வரிசையில் அஷ்னா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துச்சுங்க. அந்தப் பொண்ணு வந்துச்சு. ரெண்டு நாளும் வந்துச்சு."

"நைனா, என்னா பேசறீங்க?"

"நான்தான் எல்லாம் நல்லா இருக்கோம்னு அனுப்பிச்சுட்டேன்."

தலைவி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"கவருமெண்டு வண்டிங்க. வேற என்னா சொல்றது? எந்தம்பி ஒரு தடவை நெசத்தெச் சொன்னான்."

ரஞ்சீதா அவர் கையை விட்டுவிட்டாள். "பொய் சொல்றீங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சேன்னு பாவம் பாத்து சொல்றீங்க. அம்மா நிறுத்தாம இருமிட்டு இருந்தாங்க, போன்ல நானே கேட்டேன். வாசல்ல நின்னவளுக்கு எப்பிடிக் கேக்காம போச்சு?"

"தலகாணிய வாயில வெச்சு அமுக்கிக்கச் சொன்னேன்."

"ரெண்டு நாளுமா?" என்று ரஞ்சீதா கேட்டாள்.

"ரெண்டாவது நாளு நான் சொல்லல கண்ணு. வண்டிச் சத்தம் கேட்டதும் அவளே எடுத்துக்கிட்டா."